பாங்காக் அரண்மனை இன்று மூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள், அதிலும் தனியாகப் பாங்காக் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கே நான் 45,000 ரூபாயைப் பறிகொடுத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, பையிலிருந்து பிடுங்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

காலை ஒன்பதரை மணி. படகில் தா சாங் துறையில் இறங்கி, கிராண்ட் பேலஸின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். 1782-இல் முதலாம் ராமா மன்னர் கட்டத் தொடங்கிய அரண்மனை அது. மரகத புத்தர் கோயிலும் அதற்குள்தான் இருக்கிறது. வாசலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெரியவர் எதிரே வந்து கைகூப்பினார். நம் வணக்கத்தைப் போலவே இருக்கும் அந்தக் கும்பிடுக்குத் தாய்லாந்து மொழியில் 'வாய்' என்று பெயர். எழுத்தும் புரியாமல் பேச்சும் புரியாமல் இரண்டு நாள் தனியாகச் சுற்றியவனுக்கு, அதைக் கண்டதும் வீட்டு ஆளைப் பார்த்ததுபோல் இருந்தது.

"இன்று புத்த விசேஷம். மதியம் வரை எங்கள் மக்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஒரு மணிக்கு வாருங்கள்" என்றார். என் வரைபடத்தை வாங்கி மூன்று இடங்களை வட்டமிட்டார். மூன்றாவது வட்டம் ஒரு நகைக்கடை. அரசாங்க ஏற்றுமதி விற்பனை, இன்றே கடைசி நாள் என்றார். அவர் கையைத் தூக்கியதும் ஒரு டுக்டுக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, வந்து நின்றது. மூன்று இடத்துக்கும் சேர்த்து 40 பாட் (தாய்லாந்துப் பணம்) தான் என்றார் ஓட்டுநர். அந்தத் தொகைக்கு அந்த ஊரில் யாரும் அரை நாள் வண்டி ஓட்டமாட்டார்கள். ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினால் கடைக்காரர்கள் பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் தருகிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். முதலில் இறக்கிவிட்டது ஒரு சிறிய கோயில். உள்ளே ஓர் இளைஞர் மட்டும் மண்டியிட்டு வணங்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்தவர் எந்த ஊர் என்று விசாரித்தார். நான் கடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவராகவே, "இன்று கடைசி நாள் ஆயிற்றே, கல் வாங்கவில்லையா? போன வருடம் நான் வாங்கி வெளிநாட்டில் விற்றுத்தான் படிப்புச் செலவைச் சமாளித்தேன்" என்றார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பெரியவரிடம் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அங்கேதான் போயிற்று. இரண்டாவது ஆள் தற்செயலாக வருவதில்லை, உங்களுக்காகவே உட்கார்ந்திருக்கிறார்.

கடையில் குளிர்ந்த ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். வெள்ளைக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் கறுப்பு வெல்வெட்டின் மேல் இரண்டு நீலக்கற்களை வைத்தார் ஒரு பெண். விளக்கைத் தாழ்த்தியதும் கற்கள் மின்னின. ஊரில் விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்றார். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். கார்டைக் கொடுத்தேன்.

திரும்பும்போது டுக்டுக்காரர் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். வழி கேட்டுக் கேட்டு நடந்து அரண்மனைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. அரண்மனை தினமும் திறந்திருக்கிறது, வெளியாட்கள் பேச்சைக் கேட்காதீர்கள் என்று ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. காலை எட்டரையிலிருந்தே திறந்துதான் இருக்கிறது என்றார் 500 பாட் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்த பெண். அப்போதும் கற்களை நான் சந்தேகிக்கவில்லை.

மதுரை தெற்காவணி மூல வீதியில், எங்கள் குடும்பத்துக்கு நகை செய்யும் ஆசாரி லென்ஸை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "நீலம்தான் தம்பி. ஆனால் மட்டமான கல். இரண்டும் சேர்த்து ஆறாயிரம் தேறாது" என்றார். கடையில் கொடுத்த சான்றிதழை நீட்டினேன். அதிலும் பொய் இல்லை. அது நீலக்கல் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது; என்ன விலை பெறும் என்று ஒரு வரிகூட இல்லை. நானே பின் எண் போட்டுக் கொடுத்த பணம் என்பதால் வங்கியும் கைவிரித்துவிட்டது.

அந்த ஊர் மக்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தவறான படகில் ஏறப்போன என்னைத் தடுத்து, சரியான துறை வரை கூடவே நடந்து வந்த பழக்கார அம்மாவும் அதே பாங்காக்கில்தான் இருக்கிறார். வித்தியாசம் ஒன்றுதான்: அவரிடம் நானாகப் போய் வழி கேட்டேன், என்னை ஏமாற்றியவர்கள் எல்லோரும் தாங்களாக வந்து பேசியவர்கள்.

யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுண்டர் வரை நடந்து போய் உங்கள் கண்ணால் பாருங்கள். அரச குடும்ப நிகழ்ச்சிகளுக்காக மூடுவதும் உண்டு. அதை அரண்மனையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பிற்பகல் மூன்றரைக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். முழங்காலும் தோளும் மறையும்படி உடுத்திக்கொண்டு போங்கள். ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களானால் ஊர் திரும்பும் வரை காத்திருக்காதீர்கள். சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். நான் அன்று மாலையே அழைத்திருந்தால் கடை வாசலுக்காவது அவர்களைக் கூட்டிப்போயிருக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது பாங்காக் புறப்படுவதாக இருந்தால், அந்த எண்ணை இப்போதே அவர்கள் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.