கலிஃபோர்னியாவில் ஏசி, ஹீட்டர் மாற்றப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் படிக்கவும்

நாங்கள் டிரேசியில் இருக்கிறோம். போன ஜூலையில், வெயில் நூறு டிகிரியைத் தாண்டிய வாரத்தில் ஏசி நின்றுவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை இரண்டு ராத்திரி தூங்கவேயில்லை. அந்த அவசரத்தில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட நம்பரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் தன்மையாகப் பேசினார். வீட்டுக்கு வெளியே நிற்கும் காண்டென்சர், அட்டிக்கில் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) இருக்கும் குளிரூட்டும் காயில், கேஸில் எரியும் ஹீட்டரான ஃபர்னஸ் எல்லாம் மாற்ற 9,800 டாலர், 4,000 அட்வான்ஸ். சிட்டியில் பெர்மிட் (வேலைக்கான அனுமதி) எடுத்தால் வீண் தாமதம், எடுக்க வேண்டாம் என்றார். கொட்டேஷனில் லைசென்ஸ் நம்பர் இருந்தது. நம்பர் இருக்கிறதே என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஒரே நாளில் வேலை முடிந்தது, வீடு குளிர்ந்தது.

நவம்பரில் முதன்முதலாக ஹீட்டர் போட்டோம். ராத்திரி 2 மணிக்குக் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் அடித்தது. பையனைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு, அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். பிறகு வந்த கேஸ் கம்பெனி ஆள் ஹீட்டரை மூடி, போடக் கூடாது என்று சிவப்புச் சீட்டு மாட்டினார். என்னையும் அட்டிக்குக்கு ஏறச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். புகையைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகும் குழாய் ஃபர்னஸ் மேல் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு ஸ்க்ரூகூட இல்லை. என் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

மறுநாள்தான் அந்த நம்பரை மாநில கான்ட்ராக்டர் லைசென்ஸ் போர்டின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். வேறு ஊர் பிளம்பர் ஒருவருடையது. வகை சி-36. ஏசி, ஹீட்டர் வேலைக்கு வேண்டியது சி-20. அதை வாங்க நாலு வருஷ அனுபவமும் இரண்டு பரீட்சைத் தேர்ச்சியும் காட்ட வேண்டும். 25,000 டாலருக்கு பாண்ட், அதாவது வேலையில் ஏமாந்தவர் இழப்பீடு கேட்கக்கூடிய உத்தரவாதம், வைத்திருக்க வேண்டும். 2023 முதல், வேலையாள் இல்லாவிட்டாலும் சி-20 காரர் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். ஆக, அது வெறும் நம்பர் இல்லை. நமக்கு இருக்கும் பாதுகாப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

அட்வான்ஸுக்கும் சட்டம் உண்டு: மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதுதான். என் வேலைக்கு 980 டாலருக்கு மேல் கேட்டிருக்கவே கூடாது. 4,000 கேட்டபோதே அவரை அனுப்பியிருக்க வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் செய்த வேலைக்கு வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் யாரிடம் கேட்பது? போன் அணைந்துவிட்டது. கொடுத்த முகவரி ஒரு தபால்பெட்டிக் கடை. பாண்டும் அந்த பிளம்பருடையது. போர்டில் புகார் கொடுத்திருக்கிறேன்.

தளத்தில் பார்க்கும்போது பெயர், சி-20 வகை, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, பாண்ட், காப்பீடு எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு வந்தவரின் லைசென்ஸ் கார்டையும் போட்டோ ஐடியையும் வாங்கி ஒத்துப் பாருங்கள். குழுவில் பத்துப் பேர் நல்லவர் என்று சொன்னாலும் பாருங்கள்.

இரண்டாவதாக வந்தவர் முதலில் பெர்மிட் எடுத்தார். வேலை முடிந்ததும் சிட்டி இன்ஸ்பெக்டர் அட்டிக்கில் ஏறி, அந்தக் குழாயைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அன்றைக்குத்தான் அத்தை ஹாலை விட்டுத் தன் அறையில் போய்ப் படுத்தார்.