பேண்ட்கேம்ப்பில் ராக் இசைக்குழு தேடுவது: சில வருட அனுபவம்

வெளியில் அதிகம் பெயர் தெரியாத ராக் குழுக்களைத் தேடிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, குழுக்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம்தான். சில வருடங்களாக விடாமல் பயன்படுத்துகிறேன். அதில் எனக்கு மிகவும் உதவியது, எல்லோரும் பார்க்காமல் கடந்துபோகும் ஒரு மூலை.

ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கத்திலும் அதை வாங்கியவர்களின் குட்டிப் படங்கள் வரிசையாக இருக்கும். சிலர் பிடித்த பாட்டைச் சொல்லி இரண்டு வரி எழுதியிருப்பார்கள். ஒரு படத்தைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்களும் திறக்கும். நான் அதிகம் பேர் வாங்காத ஆல்பமாகப் பார்த்து ஆரம்பிப்பேன். பிரபலமான ஆல்பத்தை யார் வேண்டுமானாலும் வாங்கியிருப்பார்கள், அதிலிருந்து ரசனை பிடிபடாது. இருபது பேர் மட்டும் வாங்கிய ஒரு மேத் ராக் (சிக்கலான தாளக்கட்டு கொண்ட ராக்) ஆல்பம் உங்களுக்கும் பிடித்திருந்தால், அந்த இருபது பேரில் யாராவது ஒருவர் உங்களுக்காகவே தேடி வைத்தது போல ஒரு சேகரிப்பு வைத்திருப்பார். காசு கொடுத்து வாங்கியது என்பதால் அந்தப் பட்டியலை நம்பலாம்.

இன்னொரு வழி, பக்கத்தின் அடியில் இருக்கும் விவரக் குறிப்பு. டிரம்ஸ் யார், மிக்ஸிங் யார், அட்டைப்படம் யார் என்று போட்டிருப்பார்கள். சின்னக் குழுக்களில் ஒரே டிரம்மர் மூன்று இடத்தில் வாசிப்பார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த குழு கிடைக்கும். டேக், அதாவது ஆல்பத்துக்குப் போட்டிருக்கும் குறிச்சொல், வழியாகத் தேடுவதென்றால் 'இண்டி ராக்' பக்கம் போகவே வேண்டாம், அது கடல். ஏதாவது ஒரு சின்ன ஊரின் பெயரை டேக்காகப் போட்டுப் பாருங்கள்.

ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவர் வீக்லியும் கேட்கிறேன். 2015இல் வந்தது, திங்கள்தோறும் முப்பது பாட்டு தரும். வேலை பார்த்துக்கொண்டே கேட்கச் சரி. ஆனால் அதிகம் பேர் கேட்காத பாட்டை அது எதை வைத்துப் பரிந்துரைக்கும்? 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ராயல்டியும் கிடையாது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் ஃபிரைடே நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. வாங்க நினைப்பதை நான் அந்த நாளுக்காகச் சேர்த்து வைப்பேன்.

கவலையும் உண்டு. 2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்கும், 2023இல் சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கும் பேண்ட்கேம்ப் கைமாறியது, இரண்டாவது முறை ஊழியர்களில் பாதிப்பேருக்கு வேலை போனது. அதனால் வாங்கியதை உடனே ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) கோப்பாக இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுகிறேன். மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைதளத்தில் பல வருடங்களாக ஏற்றப்பட்ட பாட்டுகள் மொத்தமாக அழிந்துபோனது 2019இல் தெரியவந்ததே, அது மறக்கவில்லை. குழுக்களே பழைய ஆல்பங்களைத் தூக்கிவிடுவதும் நடக்கிறது. விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு அப்புறம் வாங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பல டெமோக்களுக்கு (குழுக்களின் முன்னோட்டப் பதிவுகளுக்கு) விலையை நாமே போட்டுக்கொள்ளலாம். பூஜ்யம் போட்டாலும் இறங்கும், ஆனால் நம் சேகரிப்பில் சேராது. நான் சின்னத் தொகையாவது கொடுத்துவிடுவேன். அப்போதுதான் என் படம் அந்தப் பக்கத்தில் வரும், என் பட்டியலைப் புரட்டுகிற யாரோ ஒருவருக்கு அந்தக் குழுவும் கண்ணில் படும்.