பழைய எஃப்-150 மிஸ் அடித்தால் எந்தச் சோதனை முதலில்? பிளக்கைக் கடைசியில் வைக்கும் ஓர் ஒப்பீடு

2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்கப், அதிலும் 5.4 லிட்டர் மூன்று வால்வு டிரைட்டன் வி8 இன்ஜின் உள்ள வண்டி, மிஸ் அடிக்க, அதாவது ஏதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போக, ஆரம்பித்தால் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "பிளக்கை மாத்திப் பாருங்க" என்பதுதான். பிளக் என்பது சிலிண்டருக்குள் மின்பொறி தந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக். பெரும்பாலான வண்டிகளுக்கு அது நல்ல பதில். விலை குறைவு, கழற்றுவது சுலபம், கழற்றிய பிளக்கின் நுனியைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். இந்த இன்ஜினுக்கு மட்டும் அது ஆபத்தான பதில். இதன் பிளக் இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்தது. அடியில் நீளும் மெல்லிய உலோகக் குழல், சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டுக்குள் கரி படிந்து இறுகிவிடும். சாக்கெட்டைப் போட்டுத் திருப்பினால் மேல் துண்டு கையோடு வரும், கீழ் துண்டு உள்ளேயே தங்கிவிடும். அந்தத் துண்டை வெளியே எடுப்பதற்காகவே லைல் நிறுவனம் தனியாக ஒரு கருவி விற்கிறது. இது எவ்வளவு பேருக்கு நடந்திருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

அதனால் இங்கே ஒவ்வொரு சோதனையையும் ஒரே அளவுகோலால் பார்க்கிறேன்: பிளக்கைத் தொடாமல் இது நம்மை எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

கோடு ரீடரா, லைவ் டேட்டா ஸ்கேனரா?

கோடு, அதாவது கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு, மட்டும் காட்டும் சின்ன ரீடர் பி0303 என்று சொன்னால், மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே பொருள். கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் ஏற்படும் மிகச் சிறிய தளர்ச்சியை வைத்துக் கணினி அதைக் கண்டுபிடிக்கிறது. ஏன் எரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. பி0303 வந்ததும் கடைக்குப் போய் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இன்னொரு குழப்பம் சிலிண்டர் எண். ஃபோர்டு வி8-இல் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8. செவர்லே பழக்கத்தில் ஒற்றை எண்களை ஒரு பக்கமாக எண்ணினால் தவறான சிலிண்டரில் வேலை செய்துகொண்டிருப்போம்.

இன்ஜின் ஓடும்போதே அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவும், கணினியின் உள் சோதனை முடிவுகளைக் காட்டும் மோடு 6-உம் உள்ள ஸ்கேனர் கொஞ்சம் விலை கூடியது. இந்த வண்டிக்கு அந்தச் செலவு நியாயமானது என்றே சொல்வேன். மோடு 6 பக்கத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை முறை மிஸ் ஆனது என்ற எண்ணிக்கை இருக்கும். எண் கூடிக்கொண்டே போகும்போதும் செக் இன்ஜின் விளக்கு எரியாமல் இருக்கலாம். கோடு ரீடர் அப்போது ஒன்றுமே இல்லை என்று சொல்லும்.

இது எங்கே கைகொடுக்கும் என்றால், இந்த வண்டிகளுக்கே உரிய ஒரு தொல்லையில். மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில் மேல் கியரில் லேசான ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது வண்டி உதறும். ஐட்லிங்கில் எந்தக் குறையும் தெரியாது. பலர் இதை கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உதறல் என்று முடிவுகட்டிப் பெரிய செலவில் இறங்குகிறார்கள். இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள், கன்வெர்ட்டரை இன்ஜினோடு இறுகப் பிணைக்கும் லாக் விடுபட்டு உதறல் நின்றால் கோளாறு கியர்பாக்ஸில்தான் என்று ஒரு யோசனை சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. லாக் விடுபட்டதும் இன்ஜின் வேகம் ஏறி, அதன் மேலிருந்த சுமையும் குறைகிறது. பலவீனமான காயிலால் வரும் மிஸ்ஸும் அப்போது நின்றுவிடும். அதே சாலையில் ஓட்டிவிட்டு வந்து மோடு 6 எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே சிலிண்டரில் மட்டும் எண் ஏறியிருந்தால் கியர்பாக்ஸை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இதற்கெல்லாம் முன் பேட்டரி கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். வண்டி சேர்த்து வைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் அதோடு போய்விடும்.

காயிலை இடம் மாற்றுவதா, எட்டையும் புதிதாகப் போடுவதா?

இடம் மாற்றிப் பார்ப்பதுதான் இந்த வண்டிக்கு மிகச் சிறந்த சோதனை. ஒரு 7 மி.மீ. போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். மூன்றாவது சிலிண்டரின் காயிலை, பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் உறையான 'பூட்'டோடு சேர்த்து இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை மூன்றாவதில். கழற்றும் முன் பிளக் அமர்ந்திருக்கும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு உதறல் வந்த அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி ஐட்லிங்கில் பார்ப்பது போதாது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போதுதான் பலவீனமான காயில் தோற்கும். மிஸ் இரண்டாவதுக்கு நகர்ந்தால் காயிலோ பூட்டோதான் காரணம். மூன்றாவதிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) என்று மூன்று சந்தேகங்கள் மிஞ்சும்.

பி0351 முதல் பி0358 வரையிலான காயில் கோடு வரவில்லையே, அப்படியானால் காயில் நன்றாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். அந்தக் கோடுகள் காயிலின் முதன்மைச் சுற்றை (குறைந்த மின்னழுத்தம் ஓடும் பகுதியை) மட்டுமே கவனிப்பவை. பூட்டில் விரிசல் விழுந்து அதன் வழியே மின்பொறி ஹெட்டுக்குத் தாவினால் அவை வாயே திறக்காது. இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் மிஸ் தொடங்கியதென்றால் முதலில் அந்தக் குழிகளைத்தான் பார்க்க வேண்டும்.

எட்டு காயிலையும் ஒரே நாளில் மாற்றுவது சோதனையே இல்லை, பந்தயம். மலிவான காயில் செட் போட்டு, சில மாதங்களில் வேறொரு சிலிண்டரில் மிஸ் தொடங்கினால், பழைய கோளாறா புதிய பொருளா என்று பிரித்தறியவே முடியாது. ரப்பர் பூட்டுகளை மட்டும் எட்டையும் மாற்றுவதை ஒப்புக்கொள்வேன். காயில் கெட்டது ஒன்றென்றால் ஒன்றை மட்டும், ஃபோர்டின் சொந்த மோட்டார்கிராஃப்ட் பொருளாகவே வாங்குங்கள்.

ஒயரை உருவிப் பார்ப்பது

ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்தி, எதை நிறுத்தினால் இன்ஜின் ஓட்டம் மாறவில்லை என்று பார்ப்பது பழைய முறை. செய்வதானால் காயில் கனெக்டரை விட்டுவிட்டு இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். காயிலை நிறுத்தினால் எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவதும் இதே எச்சரிக்கைதான். அப்போது வண்டியைத் தொடர்ந்து ஓட்டவே கூடாது. ஸ்கேனர் இருக்கும்போது இந்த முறைக்குத் தேவை குறைவு. இன்ஜெக்டரில் சந்தேகம் என்றால் மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பார்க்கலாம், 11 முதல் 18 ஓம் வரை இருக்க வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரை வைத்து டிக்டிக் சத்தம் கேட்பதும் உதவும். இன்ஜெக்டரை இடம் மாற்ற இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ஃப்யூயல் ரெயிலையே தூக்க வேண்டும் என்பதால் காயில் போல அது எளிதில்லை.

பல சிலிண்டர்களில் பரவலாக, பி0300 என்று வந்தால் கதை வேறு. அப்போது ஃப்யூயல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், பாருங்கள். ஐட்லிங்கில் பிளஸ்ஸில் எகிறி, 2500 ஆர்பிஎம்மில் சாதாரணமானால் எங்கோ காற்று கசிகிறது. இன்ஜினின் பின்பக்கம் இருக்கும் பிசிவி (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உள்ளிழுக்கும் அமைப்பு) ரப்பர் குழாயைத் தடவிப் பாருங்கள். சுமை ஏற ஏற டிரிமும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்கு. சாலையில் உப்புத் தூவும் கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் ஓடிய வண்டியென்றால் ஸ்பேர் டயருக்கு மேலே சேசிஸில் ஒட்டியிருக்கும் ஃப்யூயல் பம்ப் டிரைவர் மாட்யூலை (பெட்ரோல் பம்பை இயக்கும் மின்னணுப் பெட்டி) கட்டாயம் பாருங்கள். அதன் அலுமினிய உடல் இரும்போடு ஒட்டி அரித்து ஓட்டையாகிவிடும். வண்டி திணறும், நின்றுபோகும், ஒருநாள் ஸ்டார்ட்டே ஆகாது.

கம்ப்ரஷன்: கேஜா, ஸ்டார்ட்டர் கரண்டா?

கம்ப்ரஷன் கேஜ் நம்பகமானது. மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கேஜை மாட்ட பிளக்கைக் கழற்றியாக வேண்டும். எட்டு பிளக்குகள், எட்டு முறை உடையும் வாய்ப்பு. காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் லீக்டவுன் சோதனைக்கும் இதே சிக்கல்.

இதற்கு மாற்று பேட்டரி கேபிளில் கிளாம்ப் மாட்டி, ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டை ஆசிலோஸ்கோப்பில், அதாவது மின்னோட்டத்தை அலைக்கோடாக வரையும் கருவியில், பார்ப்பது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கிராங்க் செய்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடாது, இன்ஜின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த சிலிண்டர் அழுத்தம் குறைந்ததோ அதன் முகடு குட்டையாகத் தெரியும். ஸ்கோப் இல்லாவிட்டாலும் காதால் கேட்கலாம். ஒழுங்கான தாளத்தில் ஓரிடத்தில் மட்டும் வேகமாகச் சுற்றி நழுவும். எட்டும் சமமாகத் தேய்ந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாறும், கசிவு வால்விலா ரிங்கிலா என்றும் சொல்லாது. இருந்தாலும் எட்டு முகடும் சமமாக இருந்தால் ஒற்றை சிலிண்டர் மிஸ்ஸுக்குக் கம்ப்ரஷன் காரணமில்லை என்று விட்டுவிடலாம். ஒரு முகடு குட்டையாக இருந்தால் அந்த ஒரு பிளக்கை மட்டும் கழற்றி லீக்டவுன் செய்தால் போதும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டின் முகடும் குட்டையென்றால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கம் முழுவதும் என்றால் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸர், டைமிங் பக்கம் போங்கள்.

2008 மாடல் வந்துகொண்டிருந்தபோதே ஃபோர்டு இந்த ஹெட்டையும் பிளக்கையும் மாற்றிவிட்டது. அதனால் 2008 வண்டி என்றால் எது இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு முந்தைய இரண்டு வால்வு 5.4-இல் தலைகீழ் தொல்லை: ஹெட்டில் மரை குறைவு, பிளக் தானாகவே தெறித்து வெளியே வரும்.

எல்லாச் சோதனைகளும் பிளக்கையே காட்டினால், அல்லது 1 லட்சம் மைல் தாண்டியும் அவை மாறவில்லையென்றால், கழற்றித்தான் ஆக வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்தி, குழியில் கார்பரேட்டர் கிளீனரை ஊற்றி, குறைந்தது 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்பி எடுங்கள். இறுகினால் மறுபடி உள்ளே திருப்பி, இன்னும் கொஞ்சம் கிளீனர் விடுங்கள். புதிய பிளக்கின் கீழ்க் குழலில் நிக்கல் ஆன்டி-சீஸ் (இறுகாமல் தடுக்கும் பசை) தடவி, நுனியில் படாமல் பார்த்து, 34 நியூட்டன் மீட்டரில் முறுக்குங்கள்.