பிஎம்-யூட்டில்ஸ்: டெர்மினல் பக்கம் போகாத வரை நல்ல பிள்ளை

லினக்ஸ் மெஷினை சஸ்பெண்ட் செய்யும், அதாவது தூங்க வைத்து எழுப்பும் கருவிதான் பிஎம்-யூட்டில்ஸ். அதன் கடைசிப் பதிப்பு 1.4.1, வந்தது 2010-இல். உபுண்டு 15.04-இல் சிஸ்டம்டிக்கு (சர்வீஸ்களை நிர்வகிக்கும் மென்பொருள், சஸ்பெண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்) மாறியதோடு நிறைய பேர் இதை மறந்தே போனார்கள். ஆனாலும் ஸ்லாக்வேர் 14.2 மாதிரி சிஸ்டம்டி இல்லாத லினக்ஸைப் பழைய லேப்டாப்பில் போட்டு ஓட்டுபவர்களுக்கு இன்றைக்கும் மெஷினை சஸ்பெண்ட் செய்து எழுப்புவது இதுதான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்த ஒன்றரையும் ஒரே காரணத்துக்காக, அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் நல்லது. கிட்டத்தட்ட எல்லாமே வெறும் ஷெல் ஸ்கிரிப்ட், நோட்பேடில் திறந்து படிக்கிற மாதிரி. ஸ்லீப்-டாட்-டி என்ற ஃபோல்டரில் எண் வைத்த ஹுக்குகள் (தானாக ஓடும் குட்டி ஸ்கிரிப்டுகள்) இருக்கும், சஸ்பெண்ட் ஆகும்போது ஏறுவரிசையில் ஓடும், எழும்போது இறங்குவரிசையில் ஓடும், நம் சொந்த ஸ்கிரிப்டையும் இடையில் செருகலாம். எது ஓடியது, எது சொதப்பியது என்று வார்-லாக் ஃபோல்டரில் பிஎம்-சஸ்பெண்ட் லாக் இருக்கும். இவ்வளவு வெளிப்படையான கருவி லினக்ஸிலேயே குறைவு.

இப்போது கோளாறு. நண்பர் ஒருவரின் லேப்டாப் மூடியை மூடினால் ஒழுங்காக சஸ்பெண்ட் ஆகும், டெர்மினலில் எஸ்யூ கட்டளை போட்டு ரூட்டாகி (முழு அதிகாரமுள்ள யூசராகி) பிஎம்-சஸ்பெண்ட் அடித்தால் மட்டும் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்ப வந்து நிற்கும். வழக்கம்போல பயாஸ், கிராஃபிக்ஸ் டிரைவர், கெர்னல் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம். ஆனால் ஒரே மெஷின், ஒரே கெர்னல், கூப்பிடும் வழி மட்டும்தான் வேறு என்றால் ஹார்டுவேரை விட்டுவிடலாம், அந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மூடியை மூடும்போது கூப்பிடுவது பின்னணியில் ஓடும் பவர் சர்வீஸ், அதற்கு நம்முடைய பாஷ்ஆர்சி (ஷெல் தொடங்கும்போது படிக்கும் செட்டிங்ஸ் ஃபைல்) பற்றி எதுவும் தெரியாது. டெர்மினலில் கூப்பிடும்போதோ நம் ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்த வேரியபிள் எல்லாம் கூடவே உள்ளே போகிறது.

லாகைத் திறந்தால் 'கிரெப் ஆப்ஷன்ஸ் வேரியபிள் காலாவதியானது, ஏலியாஸ் வைத்துக்கொள்' என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப. கிரெப் என்பது எழுத்துகளுக்குள் தேடும் கட்டளை, அதற்கு எப்போதும் சேர வேண்டிய ஆப்ஷன்களை வைக்கும் வேரியபிள்தான் கிரெப் ஆப்ஷன்ஸ், ஏலியாஸ் என்பது கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர். வெறும் வார்னிங்தானே என்று யாரும் தாண்டிப் போய்விடுவார்கள். அதற்குக் கீழே அவருடைய வைஃபை ஹுக் எக்ஸிட் கோடு 1 (தோல்வி என்று அர்த்தம்) கொடுத்ததாக ஒரு வரி, அடுத்து இன்ஹிபிட் (தடை) இருப்பதால் சஸ்பெண்ட் செய்யப்போவதில்லை என்று இன்னொரு வரி. அந்த ஹுக் செய்வது சின்ன வேலை, கெர்னலில் ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் கிரெப் வைத்து வைஃபை மாட்யூலின் (டிரைவரின்) பெயரைத் தேடி எடுத்து மாட்புரோபிடம் கொடுத்துக் கழற்றும். மாட்புரோப் அப்படியொரு மாட்யூலே இல்லை என்கிறது. திரையில் பார்த்தால் பெயர் சரியாகத்தான் இருக்கிறது, ஒரு எழுத்துகூடப் பிசகில்லை, சிவப்பு நிறத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சிவப்புதான் வில்லன். கேட் கட்டளைக்கு மைனஸ் வி கொடுத்து அதே லாகைப் பார்த்தால் பெயருக்கு முன்னும் பின்னும் எஸ்கேப் கோடு (நிறத்தைச் சொல்லும், திரையில் தெரியாத எழுத்துகள்) ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இணையத்தில் எங்கிருந்தோ எடுத்த பாஷ்ஆர்சியில் கிரெப் ஆப்ஷன்ஸுக்கு 'கலர் ஆல்வேஸ்' என்று இருந்தது. 'ஆட்டோ' என்று இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை, பைப்புக்குள், அதாவது திரைக்குப் போகாமல் அடுத்த கட்டளைக்குப் போகும்போது கிரெப் தானாகவே நிறத்தை விட்டுவிடும். 'ஆல்வேஸ்' என்றால் பைப்பானாலும் விடாது, மாட்புரோப் அந்தக் குப்பையையும் சேர்த்துத்தான் பெயர் என்று நினைக்கும்.

ஹுக் எழுதியவரின் அவசரமும் இதில் உண்டு, சரி. ஆனால் ரூட்டாக ஓடுகிற ஒரு கருவி, கூப்பிட்டவரின் சூழலை (அந்த எக்ஸ்போர்ட் வேரியபிள்களை) கழுவித் துடைத்துவிட்டுத்தானே ஹுக்குகளை ஓட்ட வேண்டும்? இங்கே இது அப்படியே உள்ளே விட்டுவிட்டது, ஒன்றரை மதிப்பெண் போனது இதற்குத்தான். சிஸ்டம்டியை நான் பல விஷயங்களில் திட்டுபவன், ஆனால் சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட் அடித்தால் அது வேலையைத் தனி சர்வீஸிடம் விட்டுவிடும், நம் ஷெல்லின் வேரியபிள் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. இந்த ஒரு விஷயத்தில் அது பல படி மேல்.

உங்கள் மெஷினிலும் இதே மாதிரி சந்தேகம் இருந்தால் என்வ் கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்து வேரியபிள்களைக் காலியாக்கி, பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மட்டும் வைத்துக்கொண்டு பிஎம்-சஸ்பெண்டைக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்போது சஸ்பெண்ட் ஆனால் டிரைவரைத் தொட வேண்டாம், பாஷ்ஆர்சியைத் திறங்கள். வெறும் எஸ்யூ போடாமல் ஒரு சிறுகோடு (-) சேர்த்து லாகின் ஷெல்லாகப் போவதும் போதும். சூடோ (ஒரு கட்டளையை மட்டும் ரூட்டாக ஓட்டுவது) பயன்படுத்துபவர்களுக்கு வழக்கமான அமைப்பில் இது வராது, அது பெரும்பாலான வேரியபிள்களைக் கழித்துவிடும், மைனஸ் பெரிய ஈ போட்டால்தான் வம்பு. நிறம் வேண்டுமென்றால் ஏலியாஸில் வையுங்கள், ஸ்கிரிப்டுக்குள் ஏலியாஸ் போகாது. கிரெப் 3.6 முதல், அதாவது 2020 நவம்பரிலிருந்து, அந்த வேரியபிளை கிரெப் கண்டுகொள்வதே இல்லை. அப்புறம் வைஃபை மாட்யூலைக் கழற்ற இப்படித் தேடி எடுக்கும் ஹுக்கே தேவையில்லை, கான்ஃபிக் ஃபைலில் சஸ்பெண்ட் மாட்யூல்ஸ் என்ற வரியில் பெயரை எழுதிவிட்டால் பிஎம்-யூட்டில்ஸே பார்த்துக்கொள்ளும். நண்பரின் லேப்டாப்பில் இப்போது அந்த ஒரு வரிதான் இருக்கிறது, ஹுக்கைத் தூக்கியாயிற்று.