சயான் கோலிவாடா மெஸ்: காயை ஒதுக்குகிறவர்கள் போக வேண்டிய இடம்

மும்பையில் ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் இறங்கி சயான் கோலிவாடா பக்கம் ஏழெட்டு நிமிடம் நடந்தால், ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இந்த மெஸ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் வாழையிலைக் கட்டு சாத்தி வைத்திருக்கும், அதுதான் அடையாளம். நடத்துகிறவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி. மகனும் மருமகளும் உடன் இருக்கிறார்கள். மூன்று மேசை, பன்னிரண்டு பேர் உட்காரலாம். மதியம் மட்டும்தான் சாப்பாடு, பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை. ஞாயிறு விடுமுறை. இலைச் சாப்பாடு 130 ரூபாய். மாதக் கணக்கு வைத்தால் 3,000. நான் வடாலாவில் ஒரு லாரி சர்வீஸ் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பதினோரு மாதமாக இங்கேதான் மதியச் சாப்பாடு.

எனக்கு வயது 39. உருளைக்கிழங்கு, வெங்காயம் இரண்டையும் தவிர வேறு எந்தக் காயும் சாப்பிடாமலே 38 வயது வரை வந்துவிட்டேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டு காயை இலையோரம் தள்ளிவிடுவேன். கல்யாண வீட்டில் கூட்டு வாளியோடு ஆள் வந்தால் இலைமேல் கையை நீட்டி மறைத்துக்கொள்வேன். சின்ன வயதில் அம்மா அடித்துப் பார்த்தார், அப்புறம் கெஞ்சினார், கடைசியில் எனக்கென்று தனியாக உருளைக்கிழங்கு வதக்கி வைத்துவிடுவார். இதைப் பிடிவாதம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வெண்டைக்காய் நாக்கில் பட்டதும் தொண்டை தானாக மூடிக்கொள்வது எனக்கு மட்டும்தானே தெரியும்.

போன வருடம் மூலம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவனுக்கு அது என்ன வேதனை என்று அனுபவித்தவர்களுக்குப் புரியும். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், நார்ச்சத்து சாப்பிடாவிட்டால் திரும்பத் திரும்ப வரும் என்று சொல்லிவிட்டார். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைத் தேடிப் படித்தேன். ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரையும் சேர்த்து. உலக சுகாதார நிறுவனம் பழம், காய் இரண்டும் சேர்ந்து 400 கிராமாவது வேண்டும் என்கிறது, அதில் உருளைக்கிழங்கைக் கணக்கில் எடுப்பதில்லை. அதாவது வெங்காயம் போக என் கணக்கு பூஜ்யம்.

முதலில் வீட்டுக்கே சாலட் கொண்டுவந்து தரும் ஒரு சேவைக்குப் பணம் கட்டினேன். பச்சை ப்ரோக்கோலியும் வெள்ளரியும் குளிர்ந்துபோய் டப்பாவில் வரும். ஒன்பது நாள்தான் தாங்கினேன். அப்புறம் காய்கறிப் பொடி ஒன்று, தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த மெஸ்ஸுக்கு ரசத்துக்காகத்தான் முதலில் வந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் ஒதுக்கி வைத்த வெண்டைக்காய்ப் பொரியலை ஆச்சி பார்த்துவிட்டார். "சாப்பிடு, உடம்புக்கு நல்லது" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "ஏய்யா, இதுல எது ஒனக்கு ஆக மாட்டேங்கு? வாசமா, கொழகொழப்பா, கசப்பா?"

முப்பத்தெட்டு வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். வெண்டைக்காயின் ருசி எனக்குப் பிடிக்காதது இல்லை, கொழகொழப்புதான் ஆகவில்லை. முட்டைக்கோஸில் வாசம். பாகற்காயில் கசப்பு. பீர்க்கங்காயும் சுரைக்காயும் வாயில் வைத்ததும் குழைந்து போவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றையும் சேர்த்துக் "காய் பிடிக்காது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவந்திருக்கிறேன். இந்த மெஸ்ஸைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

ஆச்சி வெண்டைக்காயை முழுதாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, காற்றாட வைத்துவிட்டுத்தான் அரிகிறார். அந்தப் பிசுபிசுப்பு தண்ணீரில் கரைந்து நூல் விடுகிற வகை, ஈரம் பட்டால் இன்னும் கூடும். அகலமான இரும்புச் சட்டியில் நெருக்காமல் பரப்பி, மூடாமல், நல்ல சூட்டில் வதக்குவார். உப்பு கடைசியில்தான். கொஞ்சம் புளித்தண்ணீர் தெளிப்பதும் உண்டு, புளிப்புக்குக் கொழகொழப்பு அடங்கிவிடும். இரண்டு நாள் கழித்து அதே பொரியல் வந்தபோது ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. நான்கு துண்டு சாப்பிட்டேன். அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "யார் வீட்டுல சாப்பிட்டே?" என்று கேட்டார்.

முட்டைக்கோஸும் அப்படித்தான். அதை நெடுநேரம் வேகவிட்டால் கந்தகச் சேர்மங்கள் கிளம்பி அந்தக் கனத்த வாடை வரும். என் பள்ளி விடுதியில் பெரிய அண்டாவில் ஒரு மணி நேரம் வெந்த முட்டைக்கோஸ்தான் என் நினைவில் இருந்தது. இங்கே முடிபோல மெல்லியதாக அரிந்து, கடுகு உளுத்தம்பருப்பு தாளித்து, ஐந்தே நிமிடத்தில் இறக்கிவிடுகிறார்கள். கடித்தால் நறுக்கென்கிறது, லேசான இனிப்பு. ஆறாவது தடவைதான் முழுதாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இடையில் ஒரு விஷயம். 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் தன் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கொட்டியபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்று முகம் சுளித்தார், ஃபாக்ஸுக்கோ ஒரு ருசியும் தெரியவில்லை. ஒரே பொருள் ஒருவருக்குக் கசப்பு, இன்னொருவருக்குச் சப்பென்று. பரம்பரையாக வரும் வேறுபாடு இது என்று பின்னால் தெரிந்தது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு குடும்பத்தில் இருக்கும் சில கசப்புப் பொருட்களும் அதே வகைதான். நான் எந்த வகை என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் இதைப் படித்த அன்று மனதில் ஒரு பாரம் இறங்கியது. நான் நடிக்கிறேன் என்று வீட்டில் சொன்னதெல்லாம் அன்றோடு என் மனதை விட்டுப் போயிற்று.

பரிமாறும் முறையும் முக்கியம். ஆச்சி எல்லாக் காயிலும் ஒரே ஒரு கரண்டி இலையில் வைப்பார். சாப்பிட்டால் இன்னும் வரும், எத்தனை முறை கேட்டாலும் தருவார்கள். சாப்பிடாமல் இலையை மடித்தாலும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனால் அடுத்த தடவை அந்தக் காய் செய்யும்போது மறுபடி ஒரு கரண்டி கட்டாயம் வைப்பார். குழந்தைகளுக்குப் புதுக் காய் பழக எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவைகூட ருசி காட்ட வேண்டும் என்று ஊட்டச்சத்து ஆட்கள் சொல்வார்கள். எனக்குப் பீர்க்கங்காய் பழக பதினோரு தடவை ஆனது. அதுவும் கூட்டாக இல்லை, தோல் துவையலாக.

செவ்வாய்க்கிழமை கூட்டாஞ்சோறு. என்னைப் போன்றவர்கள் முதன்முதலாகப் போக வேண்டிய நாள் அதுதான். அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒன்றாக வெந்து, அரைத்த தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அதில் இறங்கியிருக்கும். எந்தக் காயும் தனியாக நின்று மிரட்டாது. மாங்காய்ப் புளிப்பும் கீரை வாசமும் சேர்ந்து வரும்போது நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை சொதி. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. தேங்காய்ப்பாலில் கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய், மேலே எலுமிச்சை, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். பிறந்த ஊரில் தொடாததை மும்பையில் வந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

மழைக்காலத்தில் வந்தால் இன்னொன்று கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் தாதர் மார்க்கெட்டில் காட்டுக் காய்கள் வரத்து இருக்கும். அதில் கர்ட்டோலி என்று மராத்தியில் சொல்லும் முள்ளு முள்ளான சின்னக் காயை ஆச்சியின் மகன் விடியற்காலையில் போய் வாங்கி வருவார். தமிழில் பழுபாகல். பாகற்காய்க்குப் பங்காளி மாதிரி இருந்தாலும் கசப்பு மிகக் குறைவு. வட்டவட்டமாக அரிந்து வறுத்து வைத்தார்கள். அதில் பழகிய பிறகுதான் ஆச்சி நிஜப் பாகற்காயைக் காட்டினார், உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்து, புளியும் வெல்லமும் சேர்த்து. எளிதிலிருந்து கடினத்துக்கு என்று படி வைத்துக் கொண்டுபோன வாத்தியார் எனக்குப் பள்ளியில்கூடக் கிடைக்கவில்லை.

குறைகளும் உண்டு. எல்லாவற்றிலும் தேங்காய் தாராளம், கொழுப்பு பார்க்க வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தனியாக எடுத்து வைப்பார்கள். உப்பு ஒரு கல் கூடுதலாகத் தெரிகிற நாட்கள் வாரத்தில் ஒன்றாவது இருக்கும். ஒரே ஒரு மின்விசிறி, ஏப்ரல் மே மாதங்களில் உள்ளே உட்காரவே முடியாது. பார்சல் கேட்டால் பொரியலையும் சூட்டோடு மூடிக் கட்டிவிடுகிறார்கள், அலுவலகம் போவதற்குள் வெண்டைக்காய் பழையபடி பிசுபிசுக்கிறது. இதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், இன்னும் மாறவில்லை. மே மாதம் பதினைந்து நாள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களுக்குப் பணத்தைக் கழித்துக்கொள்கிறார்கள்.

மூலத் தொந்தரவு எட்டு மாதமாக இல்லை. தண்ணீரும் அதிகம் குடிக்கிறேன், சாயங்காலம் நடக்கிறேன், ஆகவே முழுப் பெருமையும் மெஸ்ஸுக்கு என்று சொல்லமாட்டேன். வீட்டிலும் ஒரு இரும்புச் சட்டி வாங்கிவிட்டேன். இரவுக்கு பீன்ஸோ கோஸோ நானே வதக்குகிறேன்.

கத்தரிக்காய் மட்டும் இன்னும் இறங்கவில்லை. கூட்டாஞ்சோற்றில் கரைந்து கிடந்தால் தெரிவதில்லை. எண்ணெய்க் கத்தரிக்காயாக வந்தால் அந்த விதையும் வழவழத்த தோலும் என்னால் முடியவில்லை. பத்தொன்பது தடவை ஆகிவிட்டது. ஆச்சி இருபதாவது கரண்டியும் வைப்பார். சுட்டுத் தோலுரித்துத் துவையல் அரைத்துத் தருவதாக அடுத்த வாரத்துக்குச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்கள் ஒரு மணிக்கு முன்னால் போங்கள். கீரை ஒன்றேகாலுக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது.