வால் நீண்ட நடிகர்களின் தேர்வு: ‘ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்’

ஆப்பிள் டிவி பிளஸ் 2022 மே மாதத்தில் வெளியிட்ட இந்த டைனோசர் ஆவணத்தொடரில் என்னை முதலில் கவர்ந்தது வரைகலை அன்று, விலங்குகளின் தேர்வுதான். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களின் கடைசிக் காலத்தில் வாழ்ந்தவற்றை மட்டுமே காட்டுவது என்று முதல் இரு பருவங்களில் வகுத்துக்கொண்டதால், அதற்கு வெகுகாலம் முன்பே அழிந்துவிட்ட, எல்லோருக்கும் தெரிந்த ஸ்டெகோசாரஸுக்குக்கூட இதில் இடமில்லை.

அந்தக் கண்டிப்பு நல்ல பலனைத் தந்திருக்கிறது. 1965-இல் மங்கோலியாவில் கிடைத்த பெரும் கைகளால் மட்டுமே நெடுங்காலம் அறியப்பட்டிருந்த டைனோகைரஸ் என்ற டைனோசர், இங்கே பூச்சிக்கடி தாளாமல் மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொள்கிறது. காட்டுத் தரையைப் பெருக்கி மேடையாக்கி, தம்மாத்துண்டு கைகளை ஆட்டிப் பெண்ணை மயக்க முயலும் கார்னோடாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரைப் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் அந்தக் கையாட்டம் ஊகமே. சான்று எது, ஊகம் எது என்ற விளக்கத்தை முதல் பருவத்தில் தனிக் குறும்படங்களுக்குத் தள்ளியிருப்பது குறைதான்.

2023-இல் வந்த இரண்டாம் பருவம் தக்காண எரிமலைப் பரப்பில் ஐசிசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசரைக் காட்டுகிறது. அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்து 1980-களில் பெயரிடப்பட்ட ப்ருஹத்காயோசாரஸ் என்ற பேருருவ டைனோசரும் அதே காலத்ததுதான். எனினும் அதன் எலும்புகள் சிதைந்து அழிந்துவிட்ட நிலையில், அதைச் சேர்க்காமல் விட்டதை, சற்றே மனத்தாங்கலுடன், சரியென்றே சொல்வேன்.