ஆறு வருஷம், ஆறரைக் கிலோ: கருவாட்டுக் கிட்டங்கியில் ஒரு ஜாக் ரஸ்ஸல்

2019 மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வலைப் பொதிகளை அவிழ்த்தபோது மூன்று பொதியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதமும் வலையெல்லாம் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், கிடக்கும். எலிக்கு அதுதான் பண்டிகை. நைலானை அது தின்பதில்லை, நூலில் ஊறிய மீன் கவிச்சிக்காகக் கடித்துத் துப்பும். கிழிந்த வலையைப் பொத்தியவருக்குக் கொடுத்த கூலியைக் கூட்டிப் பார்த்த அன்று ராத்திரிதான் நாய் வாங்கும் யோசனை வந்தது. பூனை இரண்டு இருந்தன. மீன் தாராளமாகக் கிடைக்கிற ஊரில் பூனை எலி பிடிக்கும் என்று நம்பியது என் தப்பு.

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊருக்கும் வேதாளைக்கும் நடுவில் இருக்கிறது என் கிட்டங்கி. ஒரு பக்கம் வலை, மறு பக்கம் கருவாடு. நாய் என்றதும் எல்லாரும் சொன்னது மண்டை நாயைத்தான். எங்கள் மாவட்டப் பெயரையே சேர்த்து ராமநாதபுரம் மண்டை என்பார்கள். பெரிய தலை, கனத்த உடம்பு, காவலுக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் வலைப் பொதிக்கு அடியில் அது எப்படி நுழையும்? எனக்கு வேண்டியது பொந்துக்குள் போகிற நாய். அப்படித்தான் டெரியர் கூட்டத்தில் ஒன்றான ஜாக் ரஸ்ஸலுக்கு வந்தேன்.

டெரியர் என்ற பெயரே அந்த வேலையிலிருந்து வந்ததுதான். லத்தீனில் டெர்ரா என்றால் மண். நரி, எலி மாதிரிப் பிராணிகளை வளைக்குள்ளேயே போய் மடக்குவதற்காகப் பிரிட்டனில் வளர்த்தெடுத்த கூட்டம் இது. ஜாக் ரஸ்ஸல் வகைக்குப் பெயர் கொடுத்தவர் டெவன் பகுதியில் இருந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் (1795–1883). பிரசங்கத்தைவிட வேட்டையில் பித்து அதிகம் உள்ளவர். நாய் இங்கிலாந்துடையது என்றாலும், இன்று நாம் பார்க்கிற கட்டைக்கால் உருவத்தைத் தரப்படுத்தியது ஆஸ்திரேலியாக்காரர்கள். கால் நீண்டதைப் பார்சன் ரஸ்ஸல் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

மதுரைப் பக்கம் ஒருவரிடம் குட்டி வாங்கினேன். தாய் நாயைக் காட்டச் சொன்னதற்கு, "அது ஊருக்குப் போயிருக்கு சார்" என்றார். நாய் ஊருக்குப் போகுமா என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நல்லவேளை, குட்டி நன்றாக அமைந்துவிட்டது. உருண்டையாக, தொட்டால் கடிக்கிற சுபாவத்தோடு இருந்ததால் முண்டு என்று பெயர் வைத்தோம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் முண்டு மிளகாய்க்கு முன்பே இவன் ஊரில் பேர் வாங்கிவிட்டான்.

உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். ஜாக் ரஸ்ஸல் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். உயரத்தைவிட நீளம் கொஞ்சம் கூடுதல். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. முண்டு 28 சென்டிமீட்டர், ஆறரைக் கிலோ. அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதல், அந்த ஒரு கிலோவுக்குப் பொறுப்பு என் அத்தை. முக்கியமான அளவு நெஞ்சுதான். முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தால் விரல்கள் தொட வேண்டும், சுமார் 40 முதல் 43 சென்டிமீட்டர் சுற்றளவு. அதைத் தாண்டினால் பொந்துக்குள் மாட்டிக்கொள்ளும். காது முன்னால் மடிந்து துளையை மூடியிருப்பதால் தோண்டும்போது மண் உள்ளே போகாது. உடம்பில் வெள்ளை அதிகம் இருப்பதும் காரணமாகத்தான். நரி எது நாய் எது என்று வேட்டைக்காரனுக்குத் தெரிய வேண்டுமே. ரோமத்தில் வழவழப்பு, சொரசொரப்பு, இரண்டும் கலந்தது என்று மூன்று வகை. இந்தக் கடற்கரைக்கு வழவழப்பை விட்டு வேறு எதையும் வாங்காதீர்கள். இங்கே குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். முண்டுவை ஒரே குடத்தில் குளிப்பாட்டி உப்பைக் கழுவிவிடலாம்.

எலி வேட்டை எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். எட்டாவது மாதத்தில் முதல் எலி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிடரியைக் கவ்வி இரண்டு உதறல், கீழே போட்டான், அடுத்ததற்குப் போய்விட்டான். பூனை மாதிரி விளையாடுவதில்லை, தின்பதும் இல்லை. சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்தேன். எண்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். 1823இல் லண்டனில் பில்லி என்ற நாய் பந்தயக் குழியில் நூறு எலியை ஐந்தரை நிமிடத்தில் கொன்றதாகப் பதிவு இருக்கிறது. அது புல்டாக்கும் டெரியரும் கலந்தது. முன்பு அதை நம்பாமல் இருந்தேன், இப்போது நம்புகிறேன். பெருச்சாளியிடம் மட்டும் முண்டு ஒருமுறை மூக்கைக் கொடுத்துத் தையல் போட வேண்டியிருந்தது.

எலி பிடிக்க டெரியர் வைத்தால் அன்றோடு எலி விஷத்தை நிறுத்த வேண்டும். விஷ கேக் தின்ற எலியைக் கடித்து விழுங்கினால் நாய்க்கும் ரத்தம் உறையாமல் போகும். வைட்டமின் கே ஊசி இருக்கிறது, ஆனால் நாளாக ஆக ஆபத்து. நான் நிறுத்தினால் போதுமா? பக்கத்துக் கிட்டங்கிகள் மூன்றுக்கும் போய்க் கெஞ்சினேன். "உங்க நாயை எங்க பக்கமும் அனுப்புங்கண்ணே, விஷமே வைக்கல" என்றார்கள். அப்படித்தான் முண்டு நாலு கிட்டங்கிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன் ஆனான். எலிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுகிற தடுப்பூசி வருஷம் தவறாமல் போடுகிறோம். எலியைத் தூக்கிப் போடுகிறபோது நான் கையுறை போட்டுக்கொள்வேன்.

இனி கஷ்டங்கள். இவை யாரும் விற்கும்போது சொல்லாதவை.

முதல் வருஷம் பக்கத்து வீட்டுக் கோழி ஐந்து போயிற்று. ஐந்துக்கும் பணம் கொடுத்தேன். ஓடுகிற எதையும் துரத்துவது இவன் ரத்தத்தில் இருப்பது. அடித்தாலும் போகாது, பிஸ்கட் கொடுத்தாலும் போகாது. கூப்பிட்டால் வருவான், கீரி குறுக்கே ஓடாத வரைக்கும். மண்டை நாயையும் சின்ன நாய் என்று நினைத்துச் சண்டைக்குப் போய், நடுவில் நான் கடி வாங்கியதும் உண்டு. தன் உருவம் எவ்வளவு என்பது டெரியருக்குத் தெரியாது. வேலை இல்லாத நாளில் வீட்டு முற்றத்தைத் தோண்டுவான். மழை விடாமல் பெய்த ஒரு வாடைக்காலத்தில், வெளியே போக முடியாத கோபத்தில் சமையற்கட்டுக் கதவின் கீழ்ப்பலகையைக் கரம்பித் தின்றுவிட்டான்.

தோண்டுகிற புத்தியால் வந்த பெரிய பயம் வேறு. தை, மாசி, பங்குனியில் கரையேறி முட்டையிடுகிற பங்குனி ஆமையின் குழியை ஒருநாள் விடியற்காலை இவன் கண்டுபிடித்துவிட்டான். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்ததால் முட்டை தப்பித்தது. பிறகு வனத்துறையினரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அந்த மூன்று மாதமும் கடற்கரையில் சங்கிலி இல்லாமல் விடுவதே இல்லை. தீவுப் பக்கம் படகில் ஏற்றிப் போகிற பேச்சுக்கே இடமில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா.

பேத்தை மீன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பேத்தை விஷ மீன்; வலையில் வந்தால் யாரும் எடுப்பதில்லை, கரையில் வீசிவிடுவார்கள். நாட்டு நாய்கள் அதை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போகும், பரம்பரை அறிவு. டெவன் பாதிரியாரின் நாய்க்கு அது எங்கே தெரியும்? வாயில் கவ்விக்கொண்டு ஓடினான். பிடுங்கிப் போட்ட அரை மணி நேரத்தில் எச்சில் வடிந்தது, வாந்தி, பின்னங்கால் துவண்டது. வண்டியில் போட்டு மருத்துவரிடம் ஓடினோம். "இதுக்கு மாத்து மருந்து கிடையாது. மூச்சு நிக்காம பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்றார். குளுக்கோஸ் ஏற்றி ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விழுங்கியது கொஞ்சம்தான் போல. விடிந்தபோது வாலை ஆட்டினான். அன்று முதல் 'விடு' என்ற ஒரு சொல்லை மட்டும் தினமும் பழக்குகிறேன். வேறு எந்த வித்தையும் அவனுக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

மற்ற சின்னச் செலவுகள்: கருவை முள் எடுக்க ஒரு இடுக்கி, உண்ணிக்கு மாதாமாதம் மருந்து. உண்ணிக் காய்ச்சல் ஒருமுறை வந்து, டாக்ஸிசைக்ளின் நாலு வாரம் கொடுத்தோம். கடல்தண்ணீரைக் குடித்தால் பேதி ஆகும், அதனால் எப்போதும் பாட்டிலில் நல்ல தண்ணீர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் கொதிக்கும். காலை ஏழு மணிக்குப் பிறகு நடை கிடையாது. வெள்ளை ரோமத்துக்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல், மூக்கு நுனி வெந்துபோகும். சாப்பாடு சோறும் குக்கரில் எலும்பு குழைய வேகவைத்த சூடை மீனும். கருவாடு கிட்டங்கி நிறைய இருந்தும் ஒரு துண்டு கிடையாது, உப்பு ஆகாது. இதை அத்தைக்குப் புரியவைக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

மற்ற டெரியர்கள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ராமநாதபுரத்தில் என் மச்சினன் யார்க்‌ஷயர் டெரியர் வைத்திருக்கிறான். மூன்று கிலோ, பட்டு மாதிரி நீள முடி, நம் முடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். மடியில் உட்கார்ந்திருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அதுவும் ஆலைகளில் எலி பிடித்த வம்சம்தான், குரைப்பைக் கேட்டாலே தெரியும். கீழக்கரையில் தெரிந்தவர் ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து வந்ததும் புல் டெரியர் வாங்கினார். முட்டை மாதிரித் தலை, முக்கோணக் கண். வெள்ளை நிறத்தில் பிறவிச் செவிடு வரும் என்பதால் குட்டியிலேயே சோதிக்க வேண்டும். அன்பானதுதான், ஆனால் வலுவான கை வேண்டும். டெரியர்களிலேயே பெரியது ஏர்டேல், 60 சென்டிமீட்டர் வரை நிற்கும். அந்தக் கம்பி ரோமத்தோடு இங்கே மே மாதத்தைத் தாண்டுவது பாவம். வெஸ்ட் ஹைலேண்ட் வெள்ளை டெரியருக்குக் குளிர் தேசத்திலேயே தோல் அரிப்பு அதிகம், நம் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். திபெத்தியன் டெரியர் பெயரில் மட்டும்தான் டெரியர். பிட்புல் வேண்டுமென்று கேட்கிற பையன்களுக்கு ஒன்று: 2024 மார்ச்சில் மத்திய அரசு தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிய 23 வகையில் அதுவும் உண்டு. கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சட்டம் எப்படியோ போகட்டும், வலைக்காரத் தெருவில் குழந்தைகள் ஓடித் திரிகிற இடத்தில் அது வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது முண்டுவுக்கு ஆறு வயது. இந்த வகைக்கு மூன்று முதல் எட்டு வயதுக்குள் கண்ணின் லென்ஸ் இடம் நழுவுகிற பரம்பரை நோய் வரலாம். கண் திடீரென்று சிவந்து நீலம் பூத்தால் அன்றே ஓட வேண்டும். எனவே வருஷத்துக்கு ஒருமுறை கண் பார்க்கிறோம், இதுவரை சுத்தம். இந்தத் தடைக்காலத்துக்குப் பிறகு பொதி அவிழ்த்தபோது ஒரே ஒரு வலையில் பெரிய கிழிசல். எலி இல்லை. எலியைத் துரத்தி இவனே கிழித்தது. வலை பொத்துகிறவர் சிரித்துக்கொண்டே கூலியைப் பாதியாக வாங்கிக்கொண்டார்.

துணைக்கு ஒரு பெட்டைக் குட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன்; இரண்டு கடுவனை ஒரே கிட்டங்கியில் விட்டால் ரத்தக்களரி. இந்தத் தடவை தாய் நாயை நேரில் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை, கண் நோய்க்கான மரபணுச் சோதனைச் சீட்டும் கேட்பேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.